பிழையைத் தானே காட்டும் படிப்பு

டிசம்பர் கடைசி வாரத்தில் பாகூரில் சூரியன் ஏறக்குறைய ஆறரை மணிக்கு எழும். மாலை ஆறு ஆவதற்குள் மறைந்துவிடும். ஜூன் மாதத்தைவிட ஒன்றரை மணி நேரம் குறைந்த பகல். தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து சேர்த்திருக்கும். வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரி நிறைந்திருக்கும். சம்பா வயல்மேல் காலைப் பனி மூட்டமாக நிற்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். நடவு முடிந்தாயிற்று, அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய இந்த ஊரில், வீட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கையில் மிஞ்சும் மாதம் மார்கழிதான்.

அந்த நேரத்தையும் மழை பறித்துக்கொண்ட ஆண்டுகள் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தென்பெண்ணை பெருகி, டிசம்பர் தொடக்கத்தில் பாகூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த வருடம் பலருக்கு மார்கழி என்பது வீட்டைக் கழுவிக் காயவைக்கும் மாதமாகவே போயிற்று. ஓய்வு எல்லாருக்கும் எல்லா வருடமும் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது அதை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன கற்றுக்கொள்ள முடியும் என்பதைப் பார்ப்போம்.

வாசலிலிருந்தே தொடங்கலாம். சாணம் தெளித்து, பூசணிப்பூ வைத்து, விடியுமுன் போட்ட கோலம் அங்கே இருக்கிறது. அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கோல நோட்டு இருக்கும். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம், டைரி, எதுவாகவும் இருக்கலாம். ‘15 புள்ளி 15 வரிசை, நேர்ப்புள்ளி’, ‘15 முதல் 8, ஊடுபுள்ளி’ என்று குறிப்பு எழுதி, கீழே படம் வரைந்திருக்கும். அக்கா நோட்டைப் பார்த்துத் தங்கை எழுதுவாள். எதிர்வீட்டுப் பெரியம்மா போட்ட கோலத்தைப் பார்த்து இருவரும் எழுதுவார்கள். இதற்கு வகுப்பு கிடையாது, மதிப்பெண் கிடையாது.

சிக்குக் கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். நேர்ப்புள்ளியாக நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி வையுங்கள். ஓர் ஓரத்தில் தொடங்கி, புள்ளிகளுக்கு இடையே சாய்வாகக் கோட்டை இழுத்துக்கொண்டே போங்கள். விளிம்பு வந்ததும் வெளிப்புள்ளியைச் சுற்றித் திரும்புங்கள். கையை எடுக்காமல் போனால், இருபது புள்ளிகளையும் வளைத்துவிட்டுக் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அடுத்து நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. அதே முறைதான், ஆனால் கோடு பாதியிலேயே மூடிக்கொள்ளும். மீதிப் புள்ளிகளுக்குப் புதுக் கோடு தொடங்க வேண்டும். மொத்தம் நான்கு தனி வளையங்கள் இல்லாமல் இந்தக் கோலம் முடியாது. நான்கு வரிசையில் ஆறு புள்ளி வைத்தால் இரண்டு வளையங்கள். மூன்று வரிசையில் ஏழு புள்ளி என்றால் மறுபடி ஒரே கோடு.

இதன் விதி ஆறாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது. வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை வளையங்கள். 4, 5 இரண்டுக்கும் பொதுக் காரணி 1, ஆகவே ஒரே கோடு. 4, 6 என்றால் 2. மீப்பெரு பொதுக் காரணி எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைக்கு, வாசலைவிட நல்ல கரும்பலகை கிடைக்காது.

கோலத்தைக் கணக்காகப் பார்த்தவர்களில் முன்னோடி தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி. அவரும் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை, கணினி அறிவியலுக்குள் வாசல் கோலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிறிய கோலம் ஒன்றை எப்படிப் பெரிதாக்குகிறோம், ஒரு வடிவம் எந்த ஒழுங்கில் வளர்கிறது என்பதை விதிகளாக எழுதிக் காட்டினார்கள். கணினி மொழிகளின் இலக்கணத்தை எப்படி எழுதுவார்களோ அதே முறையில். 2002இல் மார்சியா ஆஷர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் இதைப் பொது அறிவியல் வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

கடல் தாண்டிப் போனால் இதன் உறவு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் விரலால் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிக் கையெடுக்காமல் கோடு இழுப்பார்கள். ‘சோனா’ எனப்படும் அந்த வரைபடங்களை ஆராய்ந்து பல நூல்கள் எழுதியவர் மொசாம்பிக்கில் வாழ்ந்த கணிதவியலாளர் பவுலுஸ் கெர்டெஸ். சாதாரணப் பின்னல் வகையில் அங்கும் இதே பொதுக் காரணி விதிதான். அங்கே வரைபவர்கள் ஆண்கள், கதை சொல்லிக்கொண்டே வரைவார்கள். இங்கே பெண்கள், அநேகமாகப் பேசாமல் வரைகிறார்கள். இரண்டு இடத்திலும் கற்றவர்கள் பார்த்தும் போட்டும் அழித்தும்தான் கற்றார்கள்.

கோலத்தை நல்ல படிப்பு என்று சொல்லக் காரணம், அதில் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பது மட்டுமல்ல. கோடு மூடவில்லை என்றால் போட்டவருக்கே தெரிந்துவிடும். ஒரு புள்ளி வெளியே நின்றால் அது கண்ணில் படும். தவறு என்று சொல்ல வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியதில்லை. வீட்டில் இருந்தபடி தானாகக் கற்பவருக்கு ஆசிரியரைவிட அவசியமானது இதுதான்: செய்த பிழை எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. அந்த வழி உள்ள பொழுதுபோக்குகள் படிப்பாக வளர்கின்றன. அது இல்லாதவை, எத்தனை மணி நேரம் செலவழித்தாலும், நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காணொளி பார்த்து ஒரு நாள் முழுவதும் ‘கற்றுக்கொண்டு’ மாலையில் எதுவும் கையில் நிற்காமல் போவது இதனால்தான்.

படிப்பு பாகூருக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவனின் 8ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், அன்று ‘வாகூர்’ எனப்பட்ட இவ்வூரின் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் வித்யாபோகமாக விடப்பட்டதைச் சொல்கின்றன. நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாத்திரம் எனப் பதினான்கு வித்தைகளின் மரபைச் சேர்ந்த கல்லூரி அது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஓர் அரசு கல்விக்காக மூன்று ஊர் வருமானத்தை ஒதுக்கியது பெருமைக்குரியதே. ஆனால் அதன் கதவு ஊரில் மிகச் சிலருக்குத்தான் திறந்திருந்தது. வயலில் நின்றவனுக்கும் வாசலில் குனிந்து புள்ளி வைத்தவளுக்கும் அங்கே இடமில்லை. அவர்கள் கற்றதை எந்தச் செப்பேடும் எழுதிவைக்கவில்லை; அது கைவழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

கோலம் காய்வதற்குள் மொட்டை மாடிக்குப் போகலாம்.

அக்டோபர் முதல் மார்ச் வரை பாகூருக்கு மேலே வானம் காலியாக இருப்பதில்லை. மின்கம்பியில் வரிசையாக உட்காரும், வால் பிளந்த சிறு பறவை தகைவிலான். இமயமலையிலும் அதற்கு வடக்கேயுள்ள நாடுகளிலும் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு இங்கே வருவது. வேலி முள்ளில் தனியாக உட்கார்ந்து கரகரவென்று கத்தும் பழுப்புக் கீச்சான், சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து வந்தது. திரள் திரளாகப் பறந்து ஒரே நேரத்தில் திரும்பும் சூறைக்குருவி மத்திய ஆசியாவைச் சேர்ந்தது. ஏரிக்கரைக்குப் போனால் இன்னும் பல பார்க்கலாம். புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி ஊசுடு. 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த பெரிய ஏரி பாகூரினுடையது. நாமக்கோழியும் ஊசிவால் வாத்தும் பார்க்க ஊசுடு வரை போகலாம். ஆனால் தொடக்கப் பாடத்துக்கு மாடியும் வேப்பமரமும் போதும்.

வீட்டுத் தோட்டத்தையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவரான அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். படித்தது தாவரவியலும் சட்டமும். பறவைகளையும் விலங்குகளையும் பார்த்துப் பார்த்தே கற்றார். படம் வரைவதையும் புகைப்படக் கலையையும் தானே பழகிக்கொண்டார்; பல பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவே அமைத்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி, 1996இல் அவர் இறக்கும் வரை 46 ஆண்டுகள் வந்தது. தமிழிலும் எழுதினார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டுக் கூரைமேல் திரிந்த அணிலைப் பற்றியும் எழுத அவரால் முடிந்தது. அருகில் இருப்பதைத் தினமும் பார்ப்பதும், பார்த்ததை அன்றே எழுதுவதும் அவருடைய முறை. மாடியிலிருந்து தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தமிழில் இல்லை.

கிருஷ்ணன் காலத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது உண்டு. 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் நான்கு நாட்கள் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகளையெல்லாம் வகைவாரியாக எண்ணி, ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு மாடியிலிருந்தே செய்யலாம். காக்கையும் மைனாவும் கணக்கில் சேரும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய தளம் அது. அந்த ஊரில் அந்த மாதத்தில் வரக்கூடாத பறவையைப் பதிவு செய்தால், ‘படம் இருக்கிறதா, வேறு அடையாளம் பார்த்தீர்களா’ என்று அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருவர் கேட்பார். கோலத்தில் தானே தெரியும் பிழை, இங்கே இன்னொருவர் கண் வழியாகத் தெரிகிறது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் ‘மெர்லின்’ செயலியும் உண்டு. அது சொல்வதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் தேடிப் பார்த்த பிறகே எழுதுவது நல்லது.

மதியம் வெயில் ஏறியதும் வேலை வீட்டுக்குள் வருகிறது. இந்த நேரத்துக்கு ஏற்ற பொழுதுபோக்கு ஒன்றைத் தமிழர்கள் உலகம் முழுவதும் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

1998 பொங்கலன்று தொடங்கியது ‘மதுரைத் திட்டம்’. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தியது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் தருவது நோக்கம். சம்பளம் கிடையாது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மூலநூலோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தார். இன்று சங்க இலக்கியத்தின் ஒரு பாட்டைப் பாகூரில் கைபேசியில் எடுத்துப் படிக்க முடிகிறது என்றால், அதன் பின்னால் முன்பின் பார்த்திராத மனிதர்களின் மாலை நேரங்கள் இருக்கின்றன. மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு நூலைப் படிக்கும் ஆழத்தில் வேறு யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு ஒற்றெழுத்திலும் நின்று போக வேண்டும். பொருள் புரியாமல் சந்தி சரியா என்று சொல்ல முடியாது.

அதே வகையில் இன்னொருவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர், வளைகுடாவில் வேலை. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதில் ஏறக்குறைய தனியாளாக எழுத ஆரம்பித்தார். கட்டடக்கலை, வரலாறு, ஊர்கள் என்று ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கிவைத்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. கவிதைக்கும் நாவலுக்கும் போகும் விருது, ஓய்வு நேரத்தில் கலைக்களஞ்சியம் எழுதியவரைத் தேடிப் போனது மிகச் சரியான காரியம். விக்கிப்பீடியாவில் ஒரு வரி தவறாக எழுதினால் வேறொருவர் திருத்துவார், ஏன் திருத்தினார் என்ற குறிப்பும் பக்கத்தின் வரலாற்றில் நிற்கும். வில்லியனூர்ச் சுடுமண் சிற்பம் பற்றியோ, திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மை பற்றியோ அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினால் எத்தனை நன்றாக இருக்கும். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்ற கைவினைகள். செய்பவர்களைத் தெருவிலேயே சந்தித்துக் கேட்க முடியும்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கிடைக்கும் மதிய நேரம் தங்கைக்குக் கிடைப்பதில்லை. காலையில் கோலம் போட்ட கையே பாத்திரம் தேய்க்கிறது, தண்ணீர் பிடிக்கிறது. வீட்டில் ஒரு கைபேசிதான் என்றால் அது முதலில் யார் கைக்குப் போகிறது என்பதும் தெரிந்ததே. விடுமுறையில் பெண் பிள்ளைக்குத் தினம் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் விடுவது, எந்தப் பயிற்சி வகுப்புக்கும் பணம் கட்டுவதைவிடப் பெரிய உதவி.

மாலை இருட்டியதும் கடைசிப் பாடம் கிழக்கே எழுகிறது. நகரத்தைவிடப் பாகூர்ப் பக்கம் வானம் இருட்டு. கார்த்திகைக் கூட்டம் உயரத்தில், அதற்குக் கீழே ரோகிணி, இன்னும் கீழே மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்க, அருகில் சிவந்த திருவாதிரை. ஒரு தென்னைமரமோ எதிர்வீட்டுக் கூரையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, திருவாதிரை அதைத் தாண்டும் நேரத்தைத் தினமும் எழுதிவந்தால், அது நாளுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்துவது தெரியும். ஒரு வாரத்தில் அரைமணி, ஒரு மாதத்தில் இரண்டு மணி. பூமி சூரியனைச் சுற்றிவருவதை ஒரு தென்னைமரமும் ஒரு கடிகாரமும் காட்டிவிடும்.

இந்த மண்ணில் வானத்தைக் கணக்கிட்டவர்களைப் பற்றி இரண்டு வெளிநாட்டார் எழுதிவைத்திருக்கிறார்கள். முதலாமவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீ. 1769 ஜூனில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தவர். அந்தக் காலையில் மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அவர் இங்கே தங்கிய காலத்தில் தமிழர்களின் கிரகணக் கணக்கு முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடிதான் பிசகியது. ஐரோப்பாவில் அன்று பெயர்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி பிசகியது என்று பதிவு செய்தார்.

இரண்டாமவர் ஜான் வாரன், சென்னை வானாய்வகப் பொறுப்பில் இருந்தவர். 1825 மே 31, ஜூன் 1 சந்திர கிரகணத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணக்கரைச் சந்தித்தார். வாரன் எழுதியபடி சொன்னால் அவர் பெயர் ‘சாமி நாடென் சாஷியா’. அந்த மனிதர் தரையில் சோழிகளை வைத்து எண்களைக் குறித்தார். எதையும் எழுதவில்லை, அட்டவணைகளெல்லாம் சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடத்தில் இருந்தன. எழுத்துக்கு எண்மதிப்பு கொடுத்து, சந்திரனின் 248 நாள் ஓட்டத்தை 248 வாக்கியங்களாக்கிய மரபு அது. வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் அந்தப் பெயரில்தான் வருகிறது. அவருடைய கணிப்பு கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நாய்கெபவர் 1952இல் இந்த நிகழ்ச்சியைத் தமிழ் வானியல் பற்றிய கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். பல நூற்றாண்டுகளாக வாய்வழி வந்த முறை அந்த அளவுக்கு நெருங்கியதே பெரிய வியப்பு.

ஆனால் அந்த 52 நிமிடத்திலும் பாடம் இருக்கிறது. முறையின் காரணங்கள் அந்தக் கணக்கருக்குத் தெரியாது என்று வாரன் குறிப்பிடுகிறார். நெட்டுருவாகக் காக்கப்பட்ட வாக்கியத்தில் ஓர் அசையை மாற்றினால் மரபு அறுந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் வானத்தைப் பார்த்து எண்ணைத் திருத்துவதும் நின்றுபோனது. மனப்பாடத்தோடு ஒரு நோட்டும் இருந்து, ஒவ்வொரு கிரகணத்திலும் கணித்த நேரத்தையும் கண்ட நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருந்தால், பிசகு எந்தப் பக்கம் வளர்கிறது என்று இரண்டு தலைமுறையில் தெரிந்திருக்கும்.

அப்படி ஒரு பக்கத்தை எழுதிப் பார்க்க நல்ல வாய்ப்பு 2028 டிசம்பர் 31 அன்று வருகிறது. மார்கழிப் பௌர்ணமி, முழுச் சந்திர கிரகணம், இந்தியா முழுவதும் தெரியும். இரவு எட்டரைக்குச் சற்றுப் பிறகு நிலவின் விளிம்பில் நிழல் விழத் தொடங்கும். நடுப்பொழுது ஏறக்குறைய 10.20. முழு மறைப்பு 70 நிமிட அளவு நீடிக்கும். நள்ளிரவைத் தாண்டிச் சில நிமிடங்களில் நிழல் விலகும். நிலவு அப்போது திருவாதிரைக்கு வடகிழக்கே இருக்கும். கண்ணாடி, தொலைநோக்கி எதுவும் வேண்டாம். வெறும் கண்ணால் பார்க்கலாம். நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள்: நிழல் தொட்ட நேரம், நிலவு முழுவதும் செம்பழுப்பான நேரம், நிழல் விட்ட நேரம். பக்கத்தில் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரங்களை முன்கூட்டியே எழுதிவையுங்கள். வாக்கியம், திருக்கணிதம் இரண்டும் வீட்டில் இருந்தால் இரண்டையும்.